அப்படி யாரும் இங்கே இல்லை

விடுதிப் பொறுப்பாளர் என்றால் கதிரையில் இருந்து கையெழுத்துப் போடுகிற உத்தியோகம் என்றுதான் ஊரில் நினைக்கிறார்கள். சுமித்திராவின் தாய் வீரம்மாவும் கண்டாவளை முழுக்க அப்படித்தான் சொல்லித் திரிந்தாள். உண்மையில் அது கல்லூரிப் பெண்கள் விடுதியில், கேற்றுக்குப் பக்கத்து அறையில் குடியிருந்து, தண்ணீர் மோட்டர் நின்றால் எழும்பி, எவளுக்காவது வயிற்றுக்குத்து என்றால் சுடுதண்ணீர் வைத்துக் கொடுத்து, ஒருத்தியின் வாளியை மற்றவள் எடுத்துவிட்டாள் என்ற வழக்கை வாரத்துக்கு ஒரு முறை தீர்த்துவைக்கிற வேலை. பட்டம் படிக்கிற பிள்ளைகள் ஒரு பிளாஸ்டிக் வாளிக்காகக் குடும்பப் பகை வளர்ப்பதைப் பார்க்கச் சுமித்திராவுக்குச் சிரிப்பு வரும். வேலை அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. கேற்றை யாராவது தட்டுவதுதான் பிடிக்காது.

அவள் பயந்தவள். அதை அவள் மறைப்பதும் இல்லை. சண்டை முற்றிய காலத்தில் அவளுக்கு இருபது வயது. சண்டைக்கு ஆள் பிடிக்கப் பெயர் சொல்லிக் கேட்டு வீட்டுக்கு வந்தவர்களிடம் வீரம்மா வேலிப் படலையில் நின்று, மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்து வாய் மாறாமல், "அப்புடி யாரும் இங்க இல்லீங்க" என்பாள். மகள் கோழிக்கூட்டுக்குப் பின்னால் குந்திக்கொண்டிருப்பாள். அந்த வயதுப் பிள்ளை இருந்த வன்னி வீடு எல்லாவற்றிலும் அந்தப் பதில் தயாராக இருந்தது. யார் கேட்கிறார்கள், எதற்குக் கேட்கிறார்கள் என்று யோசித்துச் சொல்கிற பதில் அல்ல அது. பெயர் காதில் விழுந்தவுடன் வாய் தானாகச் சொல்லிவிடும்.

புயல் வருவதற்கு முந்தின கிழமை, சண்டையில் செத்தவர்களுக்கு விளக்கேற்றப் போன பிள்ளைகள் யார் யார் என்று கேட்டு இரண்டு பேர் சிவில் உடையில் வந்து போயிருந்தார்கள். சிரித்துச் சிரித்துத்தான் கேட்டார்கள். அன்றிலிருந்து சுமித்திராவுக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. அதற்குள் புயல் வந்தது. மின்சாரம் போனது, தொலைபேசிக் கோபுரங்கள் படுத்தன, பாதி ரோட்டு வெள்ளத்துக்குள் போனது. விடுதியில் மிஞ்சியிருந்த பிள்ளைகளை அவள் ஒருத்தியையும் வெளியே விடவில்லை. நாயாற்றுக் கடற்கரைப் பிள்ளை சுதாஜினி மட்டும் பையோடு வந்து நின்று மன்றாடினாள்.

"மிஸ், இண்டைக்குப் பஸ்சிலை வாறன் எண்டு அம்மாட்டைச் சொல்லிப்போட்டன். பாத்துக்கொண்டிருப்பா."

"பாத்துக்கொண்டிருக்கட்டும். நீ உயிரோடை இருந்தாத்தானே பாக்கலாம். போய்ப் பையை வை."

அந்தப் பஸ் வெள்ளத்தில் இழுபட்டுப் போனது என்று மறுநாள் யாரோ பால்காரர் கதை கொண்டுவந்தார். உண்மையோ பொய்யோ தெரியவில்லை. தான் தடுத்தது நல்லதாய்ப் போயிற்று என்று சுமித்திரா சாமிப் படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். சுதாஜினியின் வீட்டுக்குச் சொல்லத்தான் ஒரு வழியும் இருக்கவில்லை.

மழை விட்ட பின் ஒரு மத்தியானம் கேற்றடியில் மோட்டார் சைக்கிள் ஒன்று வந்து நின்றது. காவலாளி ஏரம்புவின் வீட்டுக்குள் வெள்ளம் வந்து அவர் வேலைக்கு வராமல் நின்ற நாட்கள் அவை. சுமித்திராதான் போனாள். கறுப்பு மழைக்கோட்டு, முகம் தெரியாத கறுப்பு ஹெல்மெட். நம்பர் தகடு முழுக்கச் சேறு. வந்தவன் கேற்றுக் கம்பியைப் பிடித்தான். இடது கையில் இரண்டு விரல் இல்லை.

"இங்கை சுதாஜினி எண்டு ஒரு பிள்ளை நிக்குதோ? நாயாறு."

விளக்கேற்றப் போனவர்களில் சுதாஜினியும் ஒருத்தி. நீங்கள் யார் என்று கேட்டிருக்கலாம். எந்த விடுதிப் பொறுப்பாளரும் கேட்டிருப்பார். ஆனால் சுமித்திராவின் வாயில் தாயின் குரல்தான் வந்தது.

"அப்புடி யாரும் இங்க இல்லீங்க."

"வடிவாப் பாத்துச் சொல்லுங்கோ."

"இல்லீங்க. பிள்ளைங்க எல்லாம் வீட்டுக்குப் போயிட்டாங்க."

முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாமல் சொன்னாள். அதில் அவளுக்கே ஒரு சின்னப் பெருமை இருந்தது. திரும்பிப் பாராமல் உள்ளே போய், பிள்ளைகளை எல்லாம் மேல்மாடிக்கு ஏற்றினாள். ஒருத்தியும் யன்னலடிக்குப் போகக் கூடாது, கதைக்கக் கூடாது, சிரிக்கக் கூடாது என்றாள். வன்னிப் பிள்ளைகளுக்கு ஏன் என்று விளக்கத் தேவையில்லை. பதுளைப் பிள்ளை ஒருத்தி மட்டும் ஏன் மிஸ் என்று வாயைத் திறந்தாள். பக்கத்தில் இருந்தவள் அவளுடைய வாயைப் பொத்தினாள்.

அறைக் கதவு இடுக்கால் சுமித்திரா பார்த்துக்கொண்டே நின்றாள். அவன் போகவில்லை. எதிர் மதகில் குந்தினான், ஹெல்மெட்டைக் கழற்றாமல் தலையைக் கையில் தாங்கிக்கொண்டு. பிறகு எழும்பிப் பக்கத்து வேலியடிக்குப் போனான். கொடியில் காய்ந்த உடுப்புகளை ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்தான். பொம்பிளைப் பிள்ளைகளின் உடுப்பை இப்படிப் பார்க்கிறவன் எப்படிப்பட்டவனாக இருப்பான் என்று அவள் நினைத்தாள். பொலிசுக்குச் சொல்ல போன் இல்லை. இருந்தாலும் சொல்லியிருப்பாளா என்பது வேறு கதை. ஒரு வழியாக அவன் வண்டியை உதைத்துக்கொண்டு போனான்.

அன்று முழுக்க அவள் அதைச் சுதாஜினிக்குச் சொல்லவில்லை. பிள்ளை பயந்துவிடும் என்று நினைத்தாள். பயத்தைத் தான் ஒருத்தியே வைத்துக்கொண்டால் போதும் என்று இருந்தாள். மறுநாள் காலையில் பருப்பும் சோறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவளிடம் மெல்லக் கேட்டாள்.

"உன்னை ஆரும் விசாரிச்சுத் திரியினமோ, பிள்ளை?"

"இல்லை மிஸ். ஏன்?"

"நேற்று ஒரு ஆள் வந்தது. உன்ர பேரைச் சொல்லிக் கேட்டது. நான் அப்பிடி ஒருத்தரும் இல்லை எண்டு அனுப்பிப்போட்டன். கையிலை ரெண்டு விரல் இல்லை அந்தாளுக்கு."

சுதாஜினி சோற்றிலிருந்து கையை எடுத்தாள். "அது என்ர மாமா, மிஸ்."

சுமித்திராவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது கையிலிருந்த கோப்பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். பஸ்சில் வருகிறேன் என்ற பிள்ளை வரவில்லை. அந்தப் பஸ் வெள்ளத்தில் போனதாகக் கதை. தேடி வந்த மாமனிடம் விடுதியிலும் அவள் இல்லை என்று பொறுப்பாளரே சொல்லிவிட்டாள். சத்தமே இல்லாத கட்டடத்தையும் அவர் பார்த்துவிட்டார். கொடியில் மருமகளின் சட்டை ஏதாவது கிடக்கிறதா என்று தேடியிருக்கிறார், பாவம். அவளுடைய உடுப்பு மழைக்கு முன்னமே பைக்குள் போய்விட்டது.

"அம்மாட்டைப் போய்ச் சொல்லியிருப்பார்," என்றாள் சுதாஜினி. அவள் அழவில்லை. அதுதான் சுமித்திராவை இன்னும் பயப்படுத்தியது. "மிஸ், எனக்கு ஒரு அண்ணா இருந்தவர். கிருசாந்தன். கடைசிச் சண்டையிலை ஆக்களோடை ஆக்களா ஆமியின்ர பக்கம் வந்து, பிறகு காணேல்லை. அம்மா ஒவ்வொரு முகாமாப் போய்க் கேட்டவா. எல்லாக் கேற்றிலையும் அந்தப் பேரிலை ஒருத்தரும் இங்கை இல்லை எண்டுதான் சொன்னவை. ஒரு நாள் கிணத்துக்கட்டிலை ஏறிப்போட்டா. மாமாதான் ஓடிப்போய்ப் பிடிச்சவர். எனக்கு அப்ப அஞ்சு வயசு, மிஸ். நான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

"எழும்பு," என்றாள் சுமித்திரா. "வெளிக்கிடு."

பிள்ளைகளைச் சமையல்கார அக்காவின் பொறுப்பில் விட்டாள். பொறுப்பாளர் அனுமதி இல்லாமல் விடுதியை விட்டுப் போனால் வேலை போகும். அது அவளுக்குத் தெரியும். அந்த நேரம் அது ஒரு பெரிய விசயமாகவே படவில்லை. ஸ்கூட்டியில் சுதாஜினியை ஏற்றிக்கொண்டு முல்லைத்தீவு ரோட்டில் திருப்பினாள். வழியெல்லாம் மரங்கள் விழுந்து கிடந்தன. வயல் எது, ரோட்டு எது என்று தெரியாத இடங்களில் மின்கம்பத்தைப் பார்த்துப் பார்த்து ஓட்டினாள். பின்னால் இருந்த சுதாஜினியின் கை சுமித்திராவின் இடுப்புச் சேலையை முறுக்கிப் பிடித்திருந்தது.

வட்டுவாகலில் பாலத்துக்கு மேலால் தண்ணீர் பாய்ந்தது. ஒரு உழவு மெசின்காரன் தன் டிராக்டர்ப் பெட்டியில் சனத்தை ஏற்றி அக்கரை விட்டுக்கொண்டிருந்தான். சுமித்திராவுக்கு நீந்தத் தெரியாது. முழங்கால் அளவுக் குளத்துக்கே இறங்காதவள். ஸ்கூட்டியையும் தூக்கிப் பெட்டியில் போட்டு, அதன் சீற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள். சில்லு ஒரு பக்கம் சறுக்கியபோது பெட்டியில் இருந்த சனம் முருகா முருகா என்றது. அவள் முருகனைக் கூப்பிடவில்லை. கிணற்றுக்கட்டில் ஏறுகிற அந்தத் தாயைத்தான் நினைத்தாள். இன்னும் கொஞ்ச நேரம், இன்னும் கொஞ்ச நேரம் பொறுங்கோ அம்மா என்று கண்ணை மூடியபடி கெஞ்சினாள்.

செம்மலைக் கடையடியில் பெற்றோல் போத்தல் வாங்க நிறுத்தினார்கள். கடைக்காரர் போத்தலை நீட்டியபடி சுதாஜினியைப் பார்த்தார். பார்த்தவரின் கை அப்படியே நின்றது.

"நீ ஜெகதீஸ்வரி அக்கான்ர மகளெல்லே?"

"ஓம்."

அவர் காசு வாங்கவில்லை. "கெதியாப் போங்கோ. உங்கட வீட்டை சனம் நிக்குது."

சனம் நிற்கிறது என்றால் எதற்கு என்று இருவரும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும். செத்த வீடு என்றால் யாருடைய செத்த வீடு? பிள்ளை செத்துவிட்டது என்று கூடிய சனமா, தாய் செத்ததற்குக் கூடிய சனமா? மிச்ச வழி முழுக்கச் சுமித்திராவின் தலைக்குள் இந்த ஒரு கேள்விதான்.

ஒழுங்கை மூலையில் தறப்பாள் தெரிந்தது. அதற்குக் கீழே பிளாஸ்டிக் கதிரைகள், ஆண்கள். சுதாஜினி ஸ்கூட்டி நிற்க முன்னமே குதித்து ஓடினாள். ஆண்கள் ஒவ்வொருவராக எழும்பினார்கள். இரண்டு விரல் இல்லாத மாமன் எழும்பவில்லை. அவர் இருந்த கதிரையிலேயே முகத்தைப் பொத்திக்கொண்டார்.

ஜெகதீஸ்வரி குசினி வாசலில் நிலத்தில் இருந்தாள். இரண்டு பக்கமும் இரண்டு பெண்கள் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஆறுதலுக்குப் பிடித்த பிடி அல்ல அது, தடுத்து வைத்திருக்கிற பிடி. மகள் போய் மடியில் விழுந்தபோது அவள் கத்தவில்லை. தலைமயிரை விரித்து உச்சியை மணந்தாள். காதைத் தொட்டாள், தோளைத் தொட்டாள், விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தாள். பிறகுதான் அழுதாள். முற்றம் முழுக்க அழுதது. சுமித்திரா வேலிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பயம் போன இடத்தில் ஒரு மயக்கம்தான் இருந்தது. அம்மா உயிரோடு இருக்கிறா, அது போதும், இனி யார் என்ன ஏசினாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

யாரோ அவளைச் சுட்டிக்காட்டி ஏதோ சொன்னார்கள். ஜெகதீஸ்வரி நிமிர்ந்தாள். மகளை மெல்ல விலக்கிவிட்டு எழும்பி வந்தாள்.

"நீங்கள்தானோ விடுதியிலை மிஸ்?"

"ஓம் அம்மா. நான்தான் இல்லை எண்டு சொன்னனான். பயத்திலை சொல்லிப்போட்டன். ஆர் வந்திருக்கினம் எண்டு தெரியாமல்... என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

ஜெகதீஸ்வரி ஏசவில்லை. சுமித்திராவின் மணிக்கட்டைப் பிடித்தாள். கடல்வேலை செய்த கை, நல்ல இறுக்கம்.

"இவள் அப்ப உள்ளுக்கை இருந்தவளோ?"

"ஓம். மேல்மாடியிலை."

"இருக்கேக்கைதான் இல்லை எண்டு சொன்னனீங்கள்."

"ஓம் அம்மா."

"என்ர தம்பி உங்கட முகத்தைப் பாத்துத்தான் கேட்டவன். பொய் சொல்லுற ஆள் மாதிரியே தெரியேல்லை, உண்மையாத்தான் சொல்லுறா எண்டு வந்து சொன்னவன்." கண்ணீர் நின்றுவிட்டது. "கிருசாந்தனுக்கும் அப்பிடித்தான் பிள்ளை. நான் போன கேற்று எல்லாத்திலையும், முகத்தைப் பாத்து, மரியாதையாத்தான் சொன்னவை. நான் நம்பித் திரும்பி வந்தனான்."

சுமித்திராவுக்குக் கையை இழுத்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. இழுக்க முடியவில்லை. தாயின் பின்னால் சுதாஜினி வந்து நின்றாள். வேண்டாம் என்பதுபோல் அவள் தலையை ஆட்டினாள். யாரைப் பார்த்து ஆட்டினாள் என்று தெரியவில்லை.

"அவனும் உள்ளுக்கை இருந்திருப்பான்," என்றாள் ஜெகதீஸ்வரி. "நான் வெளியிலை நிக்கேக்கை சத்தம் போடாதை எண்டு அவனையும் வைச்சிருந்திருப்பினம். என்ன பிள்ளை?"

அந்த முகாம் வேலிகளைப் பிடுங்கி எத்தனையோ காலமாகிவிட்டது. அங்கே இப்போது பற்றையும் மாடுகளும்தான். அதைச் சொல்லியிருக்க வேண்டும். இல்லை அம்மா, அப்படி இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சுமித்திராவின் வாய் திறந்தது. ஆனால் தான் சொல்கிற இல்லையை இந்த மனுசி இனி எப்படி நம்பும்?

"எனக்குத் தெரியாது, அம்மா," என்றாள்.

ஜெகதீஸ்வரி மணிக்கட்டை விட்டாள். அவிழ்ந்து கிடந்த கொண்டையை முடிந்தாள். மகளைப் பார்த்து, குசினியில் சோறு இருக்கிறது, மிஸ்சுக்கும் போட்டுக் கொடு, நான் அந்த முகாமடிக்கு ஒருக்காப் போய் வருகிறேன் என்றாள். பிறகு கதிரைகளுக்கு நடுவே குனிந்து, அத்தனை பேரின் செருப்புக்குள்ளும் தன் செருப்பைத் தேடத் தொடங்கினாள்.