மீன் கடைக்குள் வந்த ஊசி

வியாழக்கிழமை என்றால் அந்த மருத்துவமனையில் பட்டாணி சூப்பும் பான்கேக்கும். சூப்பு வாசனை குழந்தைகள் வார்டு முழுக்கப் பரவியிருந்தது. அதை ரசிக்கும் நிலையில் ரிக்கார்ட் இல்லை. ஆறடிக்கு மேல் வளர்ந்த மனிதன், விளையாட்டறையில் ஒரு முழ உயர நாற்காலியில் முழங்கால் காதை இடிக்க உட்கார்ந்து, பொம்மை முயல் ஒன்றோடு வரிசையில், ஆறு வயது மகள் சிக்னேயிடம் மர மீன் வாங்கிக்கொண்டிருந்தான். காலையிலிருந்து எத்தனையாவது மீன் என்று அவனுக்கே தெரியாது.

"ஒழுங்கா வரிசையில நில்லுப்பா. முயலுக்கு அப்புறம்தான் நீ."

"முயலுக்கு அப்படி என்ன அவசரமாம்?"

"அதுக்கு வீட்ல குட்டி இருக்கு. உனக்கு நான்தானே இருக்கேன், இங்கயேதானே இருக்கேன்."

இங்கேயேதான் இருந்தாள், மூன்றாவது வாரமாக. கால் எலும்பில் சீழ் பிடித்திருந்தது. புறங்கை நரம்பில் ஒரு குழாய் செருகி, அதன் வழியாக மருந்து ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். சின்ன நரம்பு தாங்குமா? சில நாளுக்கு ஒரு தடவை கை வீங்கிவிடும், குழாயைக் கழற்றி வேறு இடத்தில் போட வேண்டும். வீட்டில் மனைவி லூவிசா கைக்குழந்தையோடு இருந்ததால் மருத்துவமனை அவன் பொறுப்பு. ரிக்கார்டுக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. எது கெட்டாலும் கழற்றி மாட்டி ஓடவிட்டுப் பழகிய கைகள், இங்கே சும்மா கிடந்து அரித்தன. வந்ததற்கு வைத்தியம் பார்த்து அனுப்பாமல் இதென்ன மீன் கடை என்று உள்ளுக்குள் புகைந்துகொண்டிருந்தான்.

கடைக்குப் பூட்டு கூட அவனுடையதுதான். லிஃப்ட் குழிக்குள் இறங்குமுன் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் தன் பெயர் எழுதிய சிவப்புப் பூட்டை மாட்டிவிட்டுத்தான் அந்தத் தொழிலில் யாரும் இறங்குவார்கள். மாட்டியவன் மேலே வந்து தன் கையால் எடுக்கும்வரை முதலாளியே வந்தாலும் தொடக் கூடாது. ஒரு கட்டட மேலாளர் அவசரம் என்று அந்தப் பூட்டில் கை வைத்ததற்கு, ரிக்கார்ட் அந்த ஆளின் சட்டையைப் பிடித்திருக்கிறான். அந்தப் பூட்டைத்தான் சிக்னே விளையாடக் கேட்டு வாங்கி வைத்திருந்தாள்.

விளையாட்டறைக் கதவிலும் ஒரு பலகை தொங்கியது. ஊசி, மருந்துத் தட்டு, பரிசோதனை எதுவும் உள்ளே வரக் கூடாது என்று எழுதி, பக்கத்தில் குழந்தைகள் யாரோ ஊசிக்குக் கண்ணும் அழுத வாயும் வரைந்திருந்தார்கள். முன்பு மூன்று பேர் கவனித்த அறைக்கு இப்போது அனெலி ஒருத்திதான். சிக்கனமாம். அறையிலும் பாதியை மடக்குக் கட்டில்கள் அடைத்துக்கொண்டிருந்தன. பன்னிரண்டு மணிக்கெல்லாம் கதவைச் சாத்திவிடுவார்கள்.

அன்று சிக்னேயின் கை திடீரென்று உப்பத் தொடங்கியது. அனெலி, அறையை விட்டு வெளியே வர முடியாத இன்னொரு குழந்தைக்குப் பான்கேக் கொண்டுபோயிருந்தாள். நடைபாதையில் போன நர்ஸ் ஒருத்தி வீக்கத்தைப் பார்த்து பழைய குழாயைக் கழற்றிவிட்டு, பெர்னிலாவுக்குச் சொல்லி அனுப்பினாள். சின்ன நரம்பைக் கண்டுபிடிப்பதில் பெர்னிலாவை மிஞ்ச அங்கே ஆள் கிடையாது. அவள் தட்டோடு வந்து வாசலிலேயே நின்றாள்.

"இப்ப எனக்குக் கொஞ்சம் நேரம் இருக்கு. விட்டா சாயங்காலம்தான். மரத்துப்போற களிம்பு போட்டிருக்கா?"

"அது வேலை செய்யவே ஒரு மணி நேரம் ஆகுமே. எதுக்கு? அவ விளையாட்டு மும்முரத்துல இருக்கா, கவனிக்கவே மாட்டா. இங்கயே போட்டுடுங்க."

பெர்னிலா பலகையைப் பார்த்தாள். "இங்க போடக் கூடாதே ரிக்கார்ட்."

"பலகையா என் பொண்ணோட காலைக் குணப்படுத்தப் போகுது? வாங்க உள்ள."

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. அவனே கதவை அகலத் திறந்து பிடித்தான். அவனே சிக்னேயைப் பின்னாலிருந்து மடியில் இறுக்கிக்கொண்டான். "வலிக்காதுடா கண்ணு, வலிக்கவே வலிக்காது" என்று அவன்தான் சொன்னான். மர மீன்கள் நாலாபக்கமும் சிதறின. "நிறுத்து! அப்பா, நிறுத்தச் சொல்லு!" என்று அவள் அலறினாள். யாரும் நிறுத்தவில்லை. மூலையில் ரயில் ஓட்டிக்கொண்டிருந்த பையன் ரயிலைப் போட்டுவிட்டு மேசைக்கு அடியில் புகுந்துகொண்டான். குழாய் உள்ளே போய்விட்டது. ஒரு வழியாக ஒரு வேலை முடிந்தது என்று ரிக்கார்டுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அனெலி திரும்பி வந்து நின்ற கோலத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

"இங்கயா? இத்தனை பெரிய ஆஸ்பத்திரியில உங்களுக்கு வேற இடமே கிடைக்கலயா?"

"போட்டாச்சு இல்ல? ரெண்டு நிமிஷ வேலை. என் பொண்ணு இங்க விளையாட வரல அனெலி, குணமாக வந்திருக்கா."

"உங்களுக்கு ரெண்டு நிமிஷம் மிச்சம். அவளை நம்ப வச்ச மூணு வாரம் எனக்குப் போச்சு." அவள் குனிந்து மீன்களைப் பொறுக்கினாள்.

மறுநாள் சிக்னே விளையாட்டறைக்கு வர மறுத்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "அங்கயும் ஊசி வரும்" என்றாள். அவ்வளவுதான். போர்வைக்குள் இரண்டு கைகளையும் ஒளித்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டாள். சாப்பாட்டைத் தொடவில்லை. தட்டு எடுக்க வந்த பெண்ணைக் கண்டாலும் அழுகை. ரயில் ஓட்டிய பையனும் அந்தப் பக்கம் போகவில்லை.

அந்தக் குழாயும் சில நாள்தான் நீடித்தது. அடுத்ததைப் போட நாலு பேர் பிடித்தும் முடியாமல் போயிற்று. தலைமை மருத்துவர் உல்ரிக்கா, மயக்க மருந்து கொடுத்துப் பெரிய குழாயாகப் போட்டுவிடலாம் என்றார். வெறும் வயிற்றோடு இருக்கச் சொன்னார்கள். மத்தியானம் தாண்டியும் கூப்பிடவில்லை. அப்புறம், விபத்துக் கேஸ் வந்துவிட்டது, நாளைக்குப் பார்க்கலாம் என்றார்கள்.

ரிக்கார்ட் நடைபாதையில் நின்று கத்தினான். "பட்டினி போட்டு வச்சிருக்கீங்க! மருந்தும் ஏறல. என்னதான் செய்யறீங்க எல்லாரும்?"

"நீங்க கோபப்படறது நியாயம்தான்" என்றார் உல்ரிக்கா. "ஆனா இன்னும் ரெண்டு வேளை மருந்து தவறினா, ஆறி வர்ற எலும்பு மறுபடி சீழ் வைக்கும். அது எனக்கும் தெரியும். அவ கையை நீட்டினா இப்பவே போட்டுடலாம். நீட்ட மாட்டேங்கறாளே."

அவன் நேரே அனெலியிடம் போனான். சாத்திய விளையாட்டறையை ஒழுங்குபடுத்தி முடித்து, கோட்டு மாட்டிக்கொண்டிருந்தாள்.

"ஏதாவது செய்யுங்களேன். உங்க தொழில்தானே இது?"

"என்ன செய்யறதுன்னு எனக்கும் தெரியல" என்றாள் அவள் வெட்டென்று. "பயப்படாத இடம்னு ஒண்ணைக் காட்டி, அதை நம்ப வச்சு, அங்கிருந்துதான் நான் எதையும் ஆரம்பிப்பேன். அந்த இடமே இப்ப இல்ல. என்னை என்ன பண்ணச் சொல்றீங்க?" பிறகு என்ன தோன்றியதோ, அலமாரியைத் திறந்து ஒரு பெட்டியை எடுத்து அவன் கையில் திணித்தாள். ஊசி முனை இல்லாத சிரிஞ்சு, கட்டுத் துணி, பிளாஸ்திரி. "அவ கண்ணுல படற மாதிரி வைங்க. எதுவும் சொல்லித் தந்துடாதீங்க."

கட்டில் ஓரத்தில் பெட்டியை வைத்துவிட்டு உட்கார்ந்தான். வாயை மூடிக்கொண்டு இருப்பது அவனுக்கு லிஃப்ட் கம்பியை இழுப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஜன்னலில் இருட்டுக் கட்டத் தொடங்கிய பிறகுதான் போர்வைக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்தது. சிரிஞ்சை எடுத்தது.

"நீ படு" என்றாள் சிக்னே.

"நானா?"

"நீதான் நோயாளி. படு."

படுத்தான். அவன் சட்டைக் கையை மேலே சுருட்டி, கட்டுத் துணியை இறுக்கினாள். முயலைத் தூக்கி அவன் நெஞ்சின் மேல் உட்காரவைத்தாள். "இது உன்னைப் பிடிச்சுக்கும். நீ அசைய முடியாது" என்றாள். பிறகு அவன் காதருகே குனிந்து, குரலைக் கனமாக்கிக்கொண்டு, "வலிக்காதுடா கண்ணு, வலிக்கவே வலிக்காது" என்றாள்.

அது அவன் குரல். அந்த இழுப்பு, அந்தப் பொய், எல்லாம் அப்படியே இருந்தது. அவன் பதில் சொல்லும் முன்பே சிரிஞ்சின் நுனி கையில் நறுக்கென்று அழுந்தியது.

"ஆ! நிறுத்து!" என்றான் உண்மையாகவே.

சிக்னே உடனே கையை எடுத்துவிட்டாள்.

அவன் அவளைப் பார்த்தான். அவளும் அவனைப் பார்த்தாள்.

"ஏன் நிறுத்திட்டே?"

"நீதானே நிறுத்துன்னு சொன்னே." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "நான் சொன்னப்ப நீ நிறுத்தல."

ரிக்கார்ட் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தான். ஆனால் விளையாட்டு முடியவில்லை, அவன் இன்னும் நோயாளிதான். அதனால் மறுபடி கையை நீட்டினான். சிக்னே இன்னும் பல தடவை போட்டாள். சில தடவை அவன் நிறுத்தச் சொன்னான், அவள் நிறுத்தினாள். சில தடவை சரி என்றான். முயல் நெஞ்சிலிருந்து இறங்கிப் பக்கத்தில் உட்கார்ந்தது. அதற்குப் பிறகுதான் அவள் கேட்டாள்: "பெர்னிலாவும் நிறுத்துவாளா?"

"அவளையே கேட்டுடலாம்."

பெர்னிலா தட்டு இல்லாமல் வந்தாள். அவளும் படுத்தாள், அவளுக்கும் ஊசி விழுந்தது. "நிறுத்துன்னு சொன்னா நிறுத்துவேன் சிக்னே. அன்னைக்கும் நிறுத்தியிருக்கணும்" என்றாள், படுத்தபடியே.

மறுநாள் காலை, களிம்பு போட்டு ஒரு மணி நேரம் காத்திருந்து, சிகிச்சை அறையில் உட்கார்ந்தார்கள். யாரும் பிடிக்கவில்லை. ஊசி தொடும் நேரம் பார்த்து சிக்னே "நிறுத்து" என்றாள். பெர்னிலா நிறுத்தினாள். ரிக்கார்டுக்கு உயிர் போய் உயிர் வந்தது, வாயைத் திறக்கவில்லை. சிக்னே அழுதாள், மூக்கைத் துடைத்துக்கொண்டாள், முயலைப் பார்த்தாள். "சரி, இப்ப" என்றாள். குழாய் உள்ளே போயிற்று.

ஆனால் விளையாட்டறை வாசலில் மட்டும் அவள் உள்ளே போக மறுத்தாள். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி அதன் பிடியைப் பற்றிக்கொண்டு பலகையை வெறித்தாள். அந்தப் பலகையை ஒருமுறை நம்பி ஏமாந்தவள் அல்லவா? அப்போதுதான் ரிக்கார்டுக்கு உறைத்தது. அன்னியன் ஒருவன் தன் சிவப்புப் பூட்டில் கை வைத்ததற்குச் சட்டையைப் பிடித்தவன், தன் மகளின் பூட்டைத் தானே உடைத்திருக்கிறான். சிக்னேயின் விளையாட்டுப் பையில் துழாவி அந்தப் பூட்டை எடுத்தான். அதில் தன் பெயருக்கு மேல் பிளாஸ்திரி ஒட்டி, சிக்னே என்று எழுதினான்.

"நீ மாட்டு. நீ எடுக்கற வரைக்கும் யாரும் தட்டோட உள்ள வர மாட்டாங்க. நான் வாசல்ல நிக்கறேன்."

அவள் நாற்காலியிலிருந்து எக்கி, பலகையின் கயிற்றில் பூட்டை மாட்டினாள். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். மீன் கடை திறந்தது. ரயில் பையன் வாசலில் எட்டிப் பார்த்துவிட்டு வரிசையில் வந்து நின்றான்.

பன்னிரண்டு அடிக்கச் சற்று முன்பு உல்ரிக்கா, மருத்துவ மாணவர்கள் புடைசூழ வந்துவிட்டார்.

"அடடே, சந்தோஷமா இருக்காளே! நல்ல சமயம். உள்ள போய் காலை ஒரு தடவை அமுக்கிப் பார்த்துடறேன், ஒரு நிமிஷம்."

ரிக்கார்ட் வாசலை அடைத்துக்கொண்டு நின்றான்.

"ஒரு நிமிஷம்தான்னு நானும் சொன்னேன் உல்ரிக்கா. அதுக்கு அஞ்சு நாள் அழுதா."

"நீங்கதானே நேத்து நடைபாதையில நின்னு, ஒண்ணும் செய்ய மாட்டேங்கறீங்கன்னு கத்தினீங்க?"

"கத்தினேன். தப்பான விஷயத்துக்குக் கத்தினேன். இனிமே இதுக்காகக் கத்துவேன்." உள்ளே குவிந்து கிடந்த மடக்குக் கட்டில்களைக் காட்டினான். "இந்தக் கட்டிலுக்கெல்லாம் வேற இடம் பாருங்க. பன்னிரண்டு மணிக்குச் சாத்தறீங்களே, அதையும் பாருங்க. இந்த ஆஸ்பத்திரியில எல்லாத்தையும் நாமதான் குழந்தைங்களுக்குச் செய்யறோம். குத்தறோம், அமுக்கறோம், பட்டினி போடறோம். அவங்களா செய்யறது விளையாட்டு ஒண்ணுதான். அதையும் பிடுங்கிட்டு, ஏன் கையை நீட்ட மாட்டேங்கறேன்னு கேக்கறோம். விளையாட்டு, வைத்தியத்துக்கு நடுவுல வர்ற இடைஞ்சல் இல்ல. குழந்தை வைத்தியத்தைத் தாங்கறதே அதை வச்சுத்தான்."

மாணவர்களில் ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டாள். உல்ரிக்கா பூட்டைப் பார்த்தார், அதிலிருந்த பிளாஸ்திரியைப் பார்த்தார், கடிகாரத்தையும் பார்த்தார்.

"சரி, இதை எப்ப எடுப்பா?"

ரிக்கார்ட் உள்ளே திரும்பி, "சிக்னே, டாக்டர் கேக்கறாங்க" என்றான்.

சிக்னே மீனை எடை போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"வரிசையில நிக்கச் சொல்லு. ரயில்காரனுக்கு அப்புறம்தான் அவங்க."