வெள்ளைச் சுவர்களுக்கு முன்னால்

மாரி பிறந்தால் லிங்கநகர்த் தெருவில் கல் வேறு, தார் வேறு. தெரு வேலையை மேற்பார்க்கும் ஓவசியர் அருளம்பலம் அதற்கொரு மருந்து வைத்திருந்தார். கிண்ணியாவில் சிப்பி சுட்டெடுக்கும் சுண்ணாம்பைக் கல்லில் தூவிப் பிறகு தாரில் பிரட்டினால், தண்ணீர் இடையில் புகாதாம். எழுபத்திரண்டாம் ஆண்டு, வெளிநாட்டுச் சாமான் வராத காலம். பெரிய எஞ்சினியர் இந்த ஒரு தெருவுக்கு மட்டும் சம்மதித்தார். மாரி முடியப் பார்க்க வருவார். உடைந்திருந்தால் சுண்ணாம்புக் கதையை இனி எடுக்கக் கூடாது. ஓவசியர் வருடக்கணக்காக வேறு கதை கதைத்ததே இல்லை.

நான் தாஹிர், ரோலர் ஓட்டியவன். தெரு நீளத்துக்கு, வீட்டுக்கு வீடு வாசலில் கல்லைக் குவித்து, ஒவ்வொரு குவியலுக்கும் பக்கத்தில் ஒரு சுண்ணாம்பு மூட்டை இறக்கினோம். அந்த வருடம் பார்த்துத் தீபாவளியும் நோன்புப் பெருநாளும் ஒரே கிழமைக்குள் வந்து தொலைத்தன. வீட்டுக்கு வெள்ளையடிக்காமல் பெருநாளா? அரசாங்கச் சாமான் என்றால் ஒருவருக்கும் கை கூசாது. இரவோடிரவாகச் சுண்ணாம்பை அள்ளிய வீட்டுக்காரர்கள் மூட்டையைக் கடல் மணலால் நிரப்பி, மேலே ஒரு பிடி சுண்ணாம்பைத் தூவி வைத்திருந்தார்கள். மழைக்கு முன் முடிக்கிற அவசரம், தார்ப் புகை. எவன் கண்டான்?

தை மாதம் எஞ்சினியர் ஜீப்பில் வந்து இறங்கினார். அதே தெருவில் இருந்த ஓவசியர் வீட்டு வாசலில்தான் தார் பெயர்ந்து தண்ணீர் நின்ற பெரிய கிடங்கு.

"என்ன அருளம்பலம், உங்கட வாசல்லயே குளம் கட்டியிருக்கு?"

ஓவசியர் தெருவை ஏற இறங்கப் பார்த்தார். நானும் பார்த்தேன். அட கோதாரி! சுவர் வெள்ளையாய் இருந்த வீடுகளுக்கு முன்னால் எல்லாம் கிடங்கு. பாசி பிடித்த சுவர்களுக்கு முன்னால் தார் அசையவில்லை. கடைசியாக அவர் தன் வீட்டுச் சுவரைப் பார்த்தார். அது பளிச்சென்று இருந்தது.

"சுண்ணாம்பு சரிவரேல்ல, ஐயா," என்றார்.

எனக்கு விளங்கிவிட்டது. மனைவியைக் காட்டிக்கொடுக்க ஏலாமல், மனிதர் தன் மருந்தையே குழிதோண்டிப் புதைக்கிறார்.

உள்ளேயிருந்து அவர் மனைவி பாக்கியரத்தினம் வந்தா. சுவரில் உள்ளங்கையை அழுத்தித் தேய்த்து, எஞ்சினியரின் முகத்துக்கு நேரே நீட்டினா.

"அவர் பொய் சொல்லுறார், ஐயா. றோட்டுச் சுண்ணாம்பு இஞ்ச இருக்கு. நான்தான் அள்ளினனான், அவருக்குத் தெரியாது. அள்ளாத வீட்டு வாசலைப் போய்ப் பாருங்கோ."

எதிரே முஹம்மது தம்பி வீடு. அவர் வீட்டுச் சுவர் வெள்ளை கண்டு எத்தனையோ காலம். எஞ்சினியர் அங்கே போய்ச் சப்பாத்துக் குதியால் தாரை ஓங்கி உதைத்தார். மண்வெட்டி கேட்டு வாங்கிக் கொத்தியும் பார்த்தார். கல்லை விட்டுத் தார் கழலவில்லை.

"மற்றத் தெருக்களுக்கும் இதையே போடுங்கோ. மூட்டையை மட்டும் உங்கட வாசல்ல இறக்காதேங்கோ."

வேடிக்கை பார்க்கக் கூடியிருந்த எல்லோரும் சிரித்தார்கள். பாக்கியரத்தினம் வெள்ளைக் கையை மறைக்க இடம் தெரியாமல் நின்றா. ஓவசியர் சிரிக்கவில்லை. தெருவே பார்த்துக்கொண்டிருக்க, சட்டைப் பையிலிருந்து தன் லேஞ்சியை எடுத்து அந்தக் கையைத் துடைத்துவிட்டார்.