மேட்டில் எரியும் விளக்கு

என் மச்சினனின் காரில், பெட்ரோல் தீரப்போகிறது என்று சொல்லும் அந்த மஞ்சள் விளக்கு, அவன் மகள் பிறந்த வருடம் எரியத் தொடங்கியது. அவள் எழுத்துக்கூட்டிப் படித்ததே அந்த வெளிச்சத்தில்தான். மழைக்காலத்தில் ஈசல் வந்து மொய்க்கும். நம்பாதவர்கள் அவளையே கேட்டுப் பார்க்கலாம். இப்போது சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருக்கிறாள்.

"விளக்கு எரியுதேப்பா" என்று யார் சொன்னாலும் அவனிடம் ஒரே பதில்தான்: "இன்னும் போகும்." நாளடைவில் அதுவே அவனுக்குப் பட்டப்பெயர் ஆயிற்று. அவன் போடச் சொன்ன அளவைக் கேட்டுவிட்டு, பெட்ரோல் பங்கில் இருந்த பெண் ஒருநாள் முகத்தில் சிரிப்பே இல்லாமல், "சார், இது கண்ணுக்கு விடறதா, காதுக்கு விடறதா?" என்றாள். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "காருக்கு" என்றான்.

அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. பார்த்த வேலை அப்படி. ஒரு பெரிய ஆலையில் தீ எச்சரிக்கை மணிகளுக்கு அவன் பொறுப்பு. வாரம் ஒருமுறை எல்லா மணிகளையும் அடித்துப் பார்க்க வேண்டும். அடிப்பான். ஒருவரும் நாற்காலியை விட்டு அசைய மாட்டார்கள். அடிப்பது அவன்தான் என்று அவர்களுக்குத் தெரியும். ஓய்வு பெறும் வரை மணி அடித்தது. ஒரு பீடி பற்றவைக்கிற அளவுக்குக்கூடத் தீ வரவில்லை. ஆகவே அவன் ஒரு முடிவுக்கு வந்திருந்தான். மணி அடித்தால் மணி நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். விளக்கு எரிந்தால் விளக்கு நன்றாக இருக்கிறது. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

ஓய்வுக்குப் பிறகு அவனுக்கு மலைமேல் குடியிருக்க ஆசை வந்தது. வீடும் கிடைத்தது. நான்காவது மாடி. ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வந்து உட்காரும் என்று தரகர் சொல்லியிருந்தார். லிஃப்ட் கிடையாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தரகர் போன் செய்தார்: மதியத்துக்குள் வந்து அட்வான்ஸ் கொடுத்தால் வீடு அவனுக்கு. இல்லாவிட்டால் வரிசையில் அடுத்த ஆள் நிற்கிறார்.

துணைக்கு நானும் போவதாக ஏற்பாடு. கிளம்பும் நேரத்தில் என் மனைவி என்னைச் சமையலறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். கல்யாணமான புதிதில்கூட அவள் இப்படிச் செய்ததில்லை.

"என்னங்க, தம்பி பொண்டாட்டிக்குப் படி ஏறினா நெஞ்சை அடைக்குதாம். ரெண்டு மாசமா. மொட்டை மாடியில துணி காயப்போடப் போனாக்கூட பாதியில உக்காந்துட்டுத்தான் போறாளாம்."

"அவன்கிட்ட சொன்னாளா?"

"சொன்னாளாம். வயசானா எல்லாருக்கும் அப்படித்தான்னுட்டானாம். ஆசையா வீடு பாத்திருக்காரு, நான் எதுக்குக் கெடுக்கணும்னு வாயை மூடிக்கிட்டா. நீங்க சொல்லுங்க. அட்வான்ஸ் கைமாறறதுக்குள்ள சொல்லுங்க."

"நானா?"

"ஊரையே நிக்க வெச்சுக் கதை விடறீங்கல்ல? ஒரு தடவை நெஜத்தைச் சொன்னா நாக்கு வெந்துடாது."

நான் பஸ் கண்டக்டராக இருந்தவன். ஒரு விசில் ஊதினால் வண்டி நிற்கும். இரண்டு ஊதினால் போகும். அதற்கு மேல் யாரிடமும் எதையும் நேராகச் சொல்லிப் பழக்கமில்லை. அந்த விசில் இன்னும் என் சட்டைப்பையில்தான் இருக்கிறது. அது இல்லாமல் வெளியே போனால் நான் ஒரு பக்கம் சாய்ந்து நடக்கிறேனாம்.

முன்னால் நான் உட்கார்ந்தேன். எனக்குத் தங்கச்சி முறையான மச்சினன் மனைவி பின்னால் உட்கார்ந்தாள். வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவள். புது வீட்டு ஜன்னல்களுக்குத் திரை தைக்க அளவெடுப்பதற்கென்று டேப்பை மறக்காமல் எடுத்து வந்திருந்தாள். ஏற முடியாத வீட்டுக்கு. எனக்கு அந்த டேப்பைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

மலையடிவாரத்தில் ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. அதைத் தாண்டி ஒரு பெட்ரோல் பங்க். இரண்டையும் அவன் ஒரே வேகத்தில் கடந்தான். மேடு தொடங்கியதும் விளக்கு எரிந்தது.

"விளக்குப்பா."

"இன்னும் போகும் மாமா. விளக்கு வந்தப்புறமும் நாப்பது கிலோமீட்டர் தாராளமா ஓடும்."

"அது சமதரையில. மேட்டுல அந்தக் கணக்கு செல்லுமா?"

"உங்க பஸ்ஸுக்கு டீசல் நீங்களா போட்டீங்க? சீட்டுதானே கிழிச்சீங்க?"

பின்னால் தங்கச்சி சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு மீதியைச் சிரித்தாள். மச்சினன் அதைக் கவனிக்கவில்லை, ஏசியை அணைத்துக்கொண்டிருந்தான். பயமில்லாதவன் ஏன் ஏசியை அணைக்கிறான் என்று நான் கேட்கவில்லை.

முதல் மேடு முடிந்து சாலை கீழ்நோக்கி இறங்கியது. விளக்கு அணைந்தது.

"பாத்தீங்களா! ஊறுது மாமா. கெணறு மாதிரி."

வண்டி சாய்ந்தால் டேங்கில் மிச்சமிருக்கும் பெட்ரோல் ஒரு பக்கமாக ஓடும், உள்ளே இருக்கிற மிதவையைத் தூக்கும், விளக்கு அணைந்துவிடும். ஒரு சொட்டு கூடியிருக்காது. இது எனக்கும் தெரியும். ஆனாலும் அந்த இருட்டுப் புள்ளியைப் பார்த்தபோது, உண்மையிலேயே ஊறுகிறதோ என்று ஒரு கணம் தோன்றியது. நமக்கு வேண்டியதைச் சொல்லும்போது, அணைந்த விளக்கைக்கூட நாம் நம்பிவிடுகிறோம்.

சொல்வதற்கு இதுதான் சமயம் என்று தொண்டையைச் செருமினேன்.

"நாலு மாடின்னா படி நெறைய இருக்குமே?"

"காலுக்கு நல்லது மாமா."

"காய்கறி வாங்கக் கீழ வந்தா, திரும்ப ஏறணுமே?"

"கூடையில கயிறு கட்டி இழுத்துக்கலாம்."

"ஆளையுமா?"

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். யாராவது சிரித்தால் நானும் கூடச் சிரித்துவிடுவேன். அது என் வியாதி. சிரித்து முடித்தபோது சொல்ல வந்தது தொண்டைக்குள் திரும்பிப் போயிருந்தது.

இரண்டாவது மேடு இன்னும் செங்குத்தானது. விளக்கு மறுபடி எரிந்தது. கார் ஒருமுறை விக்கியது. வளைவு திரும்பியதும், "அதோ நம்ம வீடு!" என்றான். மரங்களுக்கு மேலே வெள்ளையாக ஒரு கட்டடம். அதன் நெற்றியில் நான்காவது மாடி. தங்கச்சி கழுத்தை வளைத்து மேலே பார்த்தாள். பார்த்ததற்கே அவளுக்கு மூச்சு வாங்கியது. டேப்பைச் சுருட்டிக் கைக்குள் இறுக்கிக்கொண்டாள். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, சொல்லிவிடாதீர்கள் என்பதுபோல் தலையை அசைத்தாள்.

நான் சொல்லவில்லை. விசிலை எடுத்து, ஒரே ஒரு முறை ஊதினேன்.

கார் நின்றது. வண்டி ஓட்டுகிற கால் ஒற்றை விசிலுக்குக் கட்டுப்படாமல் இருக்காது. எதிரே வந்த லாரியும் நின்றது. மலைக்கு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்த ஒரு பஸ்ஸும் நின்று, யாரும் இறங்காததால் டிரைவர் குழம்பிப்போனதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

"என்ன மாமா இது! யார் எறங்கணும்?"

நான் விசிலைத் திரும்பப் பைக்குள் போட்டேன்.

"நான்தாங்க எறங்கணும்" என்றாள் தங்கச்சி. "அந்த வீட்டுக்கு என்னால ஏற முடியாது. மேட்டுல ஏறும்போது உங்க விளக்கு எரியுதில்ல, அந்த மாதிரிதான் எனக்கும் நெஞ்சுல. உக்காந்தா அணைஞ்சிடுது. அணைஞ்சதும், சரி இன்னும் போகும்னு நானும் எந்திரிச்சு நடக்கறேன். உங்ககூடக் குடித்தனம் நடத்தினவதானே."

அவன் எஞ்சினை நிறுத்தினான். சாவியை முழுதாகத் திருப்பவில்லை போலிருக்கிறது. விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்கிட்ட ஒரு நாள் சொன்னியில்ல?"

"சொன்னேன்."

"நான் என்ன சொன்னேன்?"

"நீங்க என்ன சொல்லுவீங்க?"

லாரிக்காரன் ஹார்ன் அடித்துத் திட்டிக்கொண்டே போனான். யாரும் அவனைச் சட்டை செய்யவில்லை. அப்போது தரகர் போன் செய்தார்: வீட்டுக்காரர் காத்திருக்கிறார், எங்கே வருகிறீர்கள்?

"மேகம் உள்ள வந்து உக்காரும்னீங்களே," என்றான் மச்சினன். "வேற யாராவது மேலேயே உக்காந்திருக்கிற மாதிரி ஆளாப் பாத்துக் குடுத்துடுங்க."

காரைத் திருப்பினான். தலையில் நிறைகுடம் வைத்தவன் நடப்பதுபோல் ஓட்டினான். ஆக்சிலேட்டரில் கால் படவே இல்லை. இறக்கத்தில் விளக்கு அணைந்தது.

"அணைஞ்சிடுச்சுப்பா" என்றேன், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"அணைஞ்சா அணையட்டும் மாமா. அதை நான் பாக்கல." அவன் கண்ணாடியைத் தங்கச்சியின் முகம் தெரியும்படி சாய்த்து வைத்திருந்தான்.

நடுவில் இருந்த சிறு மேட்டைக் கார் தவழ்ந்து கடந்தது. அடிவாரம் வந்தது. முதலில் பங்க்.

"பங்க்" என்றேன்.

"முதல்ல இவ."

ஆஸ்பத்திரி வாசலில் கார் நின்றது. அவன் பிரேக்கைத் தொடவில்லை. வண்டியில் ஒரு சொட்டு கிடையாது. கடைசிக் கொஞ்ச தூரம் வெறும் வாசனையில் வந்திருக்கிறது. பெட்ரோல் பம்ப் சூடேறிக் கெட்டுப்போய், மெக்கானிக் பிறகு அவனை வாய்க்கு வந்தபடி ஏசினார். அவன் கைகட்டிக் கேட்டுக்கொண்டான்.

டாக்டர் இளம்பெண். "எத்தனை நாளா?" என்று தங்கச்சியைக் கேட்டார். மச்சினன் முந்திக்கொண்டான்.

"ரெண்டு மாசமா எரியுது டாக்டர். மேட்டுல மட்டும்தான். சமதரையில அணைஞ்சிடும். அணைஞ்சதை வெச்சு நான் தப்பா எடுத்துக்கிட்டேன்."

டாக்டர் பேனாவை நிறுத்தினார். நான்தான் விளக்கைப் பற்றி விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் சிரிக்கவில்லை. "மேட்டுல மட்டும் வருதுங்கறதுதான் எங்களுக்கு முக்கியம்" என்றார். "இனிமே தள்ளிப்போடக் கூடாது. இன்னிக்கே சேர்ந்துடுங்க."

இதயத்துக்குப் போகும் குழாய் ஒன்று சுருங்கியிருந்தது. விரித்து வைத்தார்கள். இப்போது அவர்கள் தரைத்தளத்தில் ஒரு வீட்டில் இருக்கிறார்கள். மேகம் வராது, பக்கத்து வீட்டுப் பூனை வந்து உட்காரும். திரை தைத்தாகிவிட்டது. பங்கில் அவன் "ஃபுல்லாப் போடும்மா" என்றபோது அந்தப் பெண் மயக்கம் போட்டு விழுந்ததாகச் சொல்வார்கள். அது பொய். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள், அவ்வளவுதான்.

அவர்கள் எங்கள் வீட்டுக்கு வருவதுண்டு. வாசலில் நாலைந்து படிகள். ஒவ்வொரு படியிலும் அவன் நின்று, "எரியுதா?" என்பான். "இல்லீங்க, நடங்க" என்பாள் அவள். அவன் நடக்க மாட்டான். அவள் முகத்தைப் பார்த்து, மூச்சு சீராக வருகிறதா என்று காத்திருந்து, பிறகுதான் அடுத்த படி. அவர்கள் உள்ளே வந்து சேர்வதற்குள், என் மனைவி போட்ட காபியை இரண்டு முறை சுடவைக்க வேண்டியிருக்கிறது.

சில நாள் பொறுமை போய், உள்ளேயிருந்தே நான் விசிலை எடுத்து இரண்டு முறை ஊதுவேன்.

"இருங்க மாமா," என்பான் அவன், அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.