தண்ணி கொஞ்சம் ஜில்லுன்னு இருக்கும்

ஈரத்துணி என் கையில், அதிலிருந்து சொட்டும் நீர் மாசானம் ஐயாவின் முழங்கையில் வழிகிறது, ஐயா, தண்ணி கொஞ்சம் ஜில்லுன்னு இருக்கும், பொறுத்துக்கோங்க, என்கிறேன், ஏல, யாருகிட்டல பேசுத, என்று கட்டிலின் அந்தப் பக்கத்திலிருந்து கேட்கிறாள் உடன் படிக்கும் ஜெபக்கனி, அப்போதுதான் உறைக்கிறது, அவர் காலையிலேயே போய்விட்டார், உடலைத் துடைத்து வீட்டாரிடம் ஒப்படைக்கத்தான் எங்களை நிறுத்தியிருக்கிறார்கள், திரைக்கு வெளியே அவர் மனைவி காத்திருக்கிறார், குற்றம் என்னுடையதல்ல, பொம்மையினுடையது, நர்சிங் கல்லூரியில் முதலாண்டு முழுக்க ரப்பர் பொம்மையைத்தான் குளிப்பாட்டினோம், நோயாளியிடம் சொல்லாமல் தொட்டால் மார்க் கிடையாது என்றார் மேடம், அப்படி மரியாதையாகப் பேசிப் பழகிய வாய் எதிரே இருப்பவருக்கு உயிர் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டா பேசும், மன அழுத்தத்தைச் சமாளிக்கவும் ஒரு வகுப்பு உண்டு, கண்ணை மூடி மூச்சை ஆழ இழுக்கச் சொன்னார்கள், பாதிப் பேர் தூங்கிவிட்டோம், வகுப்பு மாபெரும் வெற்றி என்றார்கள், இப்போதும் இழுத்துப் பார்க்கிறேன், பினாயில் வாசனையோடு ஐயாவின் குரல்தான் வருகிறது, ஏ ஆம்பள சிஸ்டரு, ஊசி போடப்போறியா, இல்ல பேசியே கொல்லப்போறியா, நேற்றுத்தானே கேட்டார், நேற்றா, பொம்மை கேட்டதா, பொம்மைக்கு ஏது இவ்வளவு நரைமயிர் மார்பில்.

செத்தவரைப் பொறுத்துக்கொள்ளச் சொன்னதை நினைத்து ஜெபக்கனி சிரித்துவிட்டாள், நானும் சிரித்தேன், அடக்க அடக்கப் பொங்கியது, எந்த இடத்தில் அது அழுகையானதென்று இருவருக்கும் தெரியவில்லை, நிமிர்ந்தால் திரை விலகியிருந்தது, அவர் மனைவி நின்றிருந்தார், புருஷன் உடம்பின் முன் சிரித்த இரண்டு பேரைப் பார்த்தபடி, அடித்தால் வாங்கிக்கொள்ளலாம், அழுதால் என்ன செய்வது, அவுககிட்ட என்ன தம்பி சொன்னிய, என்று கேட்டார், பொய் எதுவும் கைகொடுக்கவில்லை, தண்ணி ஜில்லுன்னு இருக்கும்னு சொன்னேம்மா, என்றேன், என் முகத்தையே பார்த்தார், அவுகளுக்குப் பச்சத்தண்ணியே ஆகாது தம்பி, என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டார், புகார் சொல்லத்தான் போகிறாரென்று நினைத்தோம், டீக்கடையிலிருந்து பிளாஸ்க் நிறைய வெந்நீரோடு வந்தார், பேசினில் ஊற்றி, விரல் விட்டுப் பதம் பார்த்து, துணியை நனைத்துப் பிழிந்தார், எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லாமப் போயிட்டாக, நீங்களாவது அவுககிட்டச் சொல்லிச் சொல்லிச் செய்யுங்க தம்பி, என்று நீட்டினார், வாங்கிக்கொள்கிறேன், ஆனால் அவர் விடவில்லை, ஈரத்துணி என் கையில், அதன் மறுமுனை அவர் கையில், ஆவி பறக்கிறது, ஐயா, என்கிறேன், ஜெபக்கனி மூக்கை உறிஞ்சிக்கொண்டு மீதியை எடுத்துக்கொடுக்கிறாள், ஐயா, இப்ப இதமா இருக்கும்.