பள்ளம் மூடிய சனிக்கிழமை

கல்யாணமாகிப் பதினொரு வருடத்தில் கீரையும் தக்காளியும் வெண்டையும் தவிர நான் வேறு எதையும் வளர்த்ததில்லை. என் கணவர் பாலம் கட்டும் எஞ்சினீயர். ஒவ்வொரு ஆற்றுக்கும் ஒரு வாடகை வீடு என்று ஐந்து வீடுகள் மாறினோம். பெட்டி கட்டுவதற்குள் காய்த்து முடிகிற செடியாகப் பார்த்து வைப்பது எனக்குப் பழகிப்போயிருந்தது. ஒரே ஒருமுறை ஆசைப்பட்டு எலுமிச்சங்கன்று வைத்தேன். அது முதல் பூ விட்ட வாரம் வாசலில் லாரி வந்து நின்றது.

ஆறாவதாக வந்தது சொந்த வீடு. பத்திரத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தபோது அவர் சொன்னார்: "இனிமே எங்கயும் போகலம்மா. ஆபீஸ்லயே வேலை கேட்டு வாங்கிட்டேன்."

அன்றைக்கே ஆஸ்பராகஸ் வைப்பது என்று முடிவு செய்தேன். தண்ணீர்விட்டான் கிழங்குக்குச் சொந்தக்காரச் செடி; குருத்தைத்தான் சமைப்பார்கள். நட்ட வருடம் ஒரு குருத்தைக்கூட வெட்டக் கூடாது. அத்தனையும் உயர்ந்து, நூல் நூலாக விரிந்து, அடியிலிருக்கும் வேருக்குச் சோறு போட வேண்டும். இரண்டாம் வருடமும் வாயைக் கட்டிக்கொள்வது நல்லது. மூன்றாம் வருடம்தான் தட்டுக்கு வரும். அதன்பிறகு பதினைந்து, இருபது வருடம் நிற்கும். ஓரிடத்தில் இருக்கப்போகிறவர்கள் மட்டுமே வைக்கிற செடி அது.

"மூணு வருஷமா? அதுக்குள்ள ஒரு பாலமே முடிஞ்சிடும்" என்று சிரித்தார்.

"பாலமும் ஓடாது, செடியும் ஓடாது. நீங்கதான் ஓடுவீங்க."

"ஓடல தாயே. மண்வெட்டியக் குடு."

பதினெட்டடி நீளம், ஒரு அடி ஆழம். நாடா பிடித்து அளந்தார். பள்ளத்தின் அடியில் ரசமட்டம் வைத்துப் பார்த்தார். "எறும்பு லாரி ஓட்டிட்டுப் போகப்போகுதா?" என்று கேலி செய்தேன். நடுவில் மண்ணைக் கரைபோலக் கூட்டி, எட்டுக்கால் பூச்சி மாதிரியிருந்த பன்னிரண்டு வேர்க்கட்டுகளையும் அதன்மேல் கால் தொங்கவிட்டு உட்கார வைத்தோம். மேலே நான்கு விரல் மண். மிச்சப் பள்ளத்தை அப்படியே விட்டுவிட வேண்டும். குருத்து வளர வளர, அதன் தலை வெளியே தெரிகிற அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மண் தள்ள வேண்டும். ஒரேயடியாக மூடினால் மூச்சு முட்டிவிடும். இதை அவரிடம் மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் தலையை ஆட்டினார்.

ஐந்தாம் வாரம் முதல் குருத்து எட்டிப் பார்த்தது. எட்டாம் வாரம் பத்து. மருந்துக்கடை வேலைக்குக் கிளம்புமுன் காபி டம்ளரோடு போய் எண்ணிவிட்டு வருவேன். இரவில் சாப்பிடும்போது எண்ணிக்கையைச் சொல்வேன். "அப்படியா" என்பார். அந்த 'அப்படியா' வரவர மெலிந்துகொண்டே வந்ததை நான் கவனித்திருக்க வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை அரைநாள் வேலை. வீட்டுக்கு வந்து பின்கதவைத் திறந்தால் பள்ளத்தைக் காணோம். தோட்டம் இஸ்திரி போட்ட வேட்டி மாதிரி கிடந்தது. ஓரத்தில் வரிசையாகச் செங்கல்கூடப் பதித்திருந்தார்.

"என்னங்க பண்ணி வச்சிருக்கீங்க?"

கை கழுவிக்கொண்டிருந்தவர் திரும்பவில்லை. "குண்டும் குழியுமா இருந்துச்சு. உனக்கு ஒரு வேலை மிச்சமாகட்டுமேன்னு..."

தெரியாமல் செய்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். ஆற்றில் தூண் நடுகிறவருக்குக் குருத்தின் அருமை எப்படித் தெரியும் என்று மனதுக்குள் அவருக்காக வாதாடக்கூடச் செய்தேன். வேலைக்குப் போன புடவையோடு உட்கார்ந்து விரலால் மண்ணை விலக்க ஆரம்பித்தேன். மண்வெட்டி போட்டால் முனை ஒடிந்துவிடும்.

"இப்பவே தோண்டணுமா? நாளைக்குப் பண்ணிக்கலாமே."

"நாளைக்குள்ள அழுகிடும்."

"சாயந்திரம் வரைக்குமாவது விடேன்."

சாயந்திரம் வரைக்கும் எதற்கு என்று கேட்க வாயெடுத்தபோது வாசல் மணி அடித்தது.

கையில் சாவிக்கொத்தோடு ஒருவர், அவர் பின்னால் ஒரு கணவன் மனைவி. சாவிக்கொத்துக்காரர் வீட்டுப் புரோக்கர். எங்கள் வீட்டுக்குள் அவருக்கு வழி தெரிந்திருந்தது. நேராகத் தோட்டத்துக்கு வந்தார்.

"நல்லவேளை சார், மூடிட்டீங்க. போனவாட்டி வந்தவங்க, யாரையாவது புதைக்கப் போறீங்களான்னு கேட்டாங்க."

போனவாட்டி. நான் மருந்துக்கடையில் இருமல் மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஏதோ ஒரு மதியம்.

"எத்தனை நாளா வந்துட்டிருக்கீங்க?" என்று புரோக்கரைக் கேட்டேன்.

"எட்டு வாரமா அலையறேன் மேடம். சார் உங்ககிட்ட சொல்..." என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

நாங்கள் நட்டதும் எட்டு வாரத்துக்கு முன்புதான். ரசமட்டம் பிடித்த அதே வாரம்.

வீடு பார்க்க வந்த பெண்மணி என் பக்கத்தில் குனிந்தார். "என்னது இது?"

சொன்னேன். எப்போது வெட்டலாம், ஏன் மூடக் கூடாது, எத்தனை வருடம் நிற்கும், எல்லாவற்றையும். என் குரல் எனக்கே நிதானமாகக் கேட்டது. அவர் மண்ணையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்து, "ஏங்க, கிளம்பலாம்" என்று தன் கணவரைக் கூப்பிட்டார். போகும்போது புரோக்கரிடம் சொன்னது எனக்குக் கேட்டது: "இவங்க விக்கிற ஆள் மாதிரி தெரியலையே."

அவர்கள் போனபின் என் கணவர் செங்கல் வரிசைமேல் உட்கார்ந்தார்.

"புதுப் பாலம். பெரிய வேலை. ரெண்டு வருஷம்தான். பூட்டிப் போட்டா வீடு பாழாயிடும்னு விக்கப் பாத்தேன். சொன்னா நீ அழுவேன்னு..."

"நடறப்பவே தெரியுமா?"

செங்கல்லில் ஒட்டியிருந்த மண்ணை நகத்தால் சுரண்டினார்.

"தெரிஞ்சும் எதுக்குங்க என்னோட உக்காந்து நட்டீங்க?"

"அது முளைக்காதுன்னு நினைச்சேன்" என்றார் மெதுவாக. "காய்ஞ்ச வேராத்தானே இருந்துச்சு. பட்டுப்போச்சுன்னா உனக்கே ஆசை விட்டுப்போயிடும். அப்புறம் சொல்லிக்கலாம்னு..."

பாலத்துக்குச் சம்மதித்ததைக்கூட நான் மன்னித்திருப்பேன். நான் தினமும் டம்ளரோடு போய்க் குனிந்தபோதெல்லாம், அது சாக வேண்டும் என்று வீட்டுக்குள் ஒருவர் காத்திருந்திருக்கிறார். பத்து என்று நான் சொன்ன இரவில் அவர் கேட்ட 'அப்படியா'வுக்கு இப்போதுதான் அர்த்தம் புரிந்தது.

அவர் இறங்கி வந்து மண்ணில் கை வைத்தார்.

"வேண்டாம். உங்க கைக்கு அவசரம் ஜாஸ்தி."

கையை எடுத்துக்கொண்டார்.

வெயில் சாய்வதற்குள் ஒன்பது கிடைத்தன. இரண்டு வளைந்திருந்தன. ஒன்றின் முனை என் விரலிலேயே ஒடிந்தது. பத்தாவது எங்கே என்று தேடிக்கொண்டே சொன்னேன்: "பத்திரத்துல என் கையெழுத்தும் இருக்கு. விக்கிறதுக்கு நான் போடப்போறதில்ல. நீங்க போய் பாலத்தைக் கட்டுங்க."

"தனியாவா?"

"ரெண்டு வருஷம்தானே."

ஒருமுறை என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். நான் நிமிரவில்லை. நிமிர்ந்தால் அழுதுவிடுவேன், அழுதால் மறுபடியும் பெட்டி கட்டிவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

"லீவுல வரலாமா?"

பத்தாவது குருத்து அகப்பட்டது. வெளுத்திருந்தது, ஆனால் உடைந்திருக்கவில்லை.

"வாங்க" என்றேன். "வெட்டக் கூடாது. பாத்துட்டுப் போகலாம்."