கையில்லாதவளின் ஒரு மூச்சு

ஷவ்கி எழுதிய நாவலில் முயல்கள் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு அலமாரியிலிருந்து வரிசையாக இறங்கி வந்து, தாங்களாகவே பானைக்குள் குதித்தன. எகிப்தின் மன்சூரா நகரமே முலூகியாக் கீரைக் குழம்பில் மூழ்கியது. ஆபீஸ் போகிறவர்கள் ரொட்டிமேல் உட்கார்ந்து துடுப்புப் போட்டார்கள். ஒரு வெண்டைக்காயைக் கீறினால் உள்ளே கவர்னர் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். இதில் எதையும் ஷவ்கி வாத்தியார் குடியிருந்த கட்டடத்தில் ஒருவரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

"நூத்திப் பதினோராம் பக்கத்துல தாளிப்புக்குப் பச்சை மல்லி போட்டிருக்காரு," என்று மேல்மாடி வக்தி அம்மாதான் முதலில் வந்து நின்றாள். "காஞ்ச மல்லியில்ல போடணும்? பள்ளிக்கூடத்து வாத்தியார் எழுதுற எழுத்தா இது?"

கீழ்வீட்டு ஸக்லூல் ரயிலில் டிக்கெட் பரிசோதித்தே ஓய்வுபெற்றவர். புத்தகத்தையும் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "முயல் சூட்டோட குதிக்குதே, பட்டனை யாரு பிய்க்கிறது? பல்லுல மாட்டினா என்ன ஆகும்? அதைப் பத்தி ஒரு வரி இல்லையே!"

ஷவ்கியின் மனைவி இன்ஸாஃப் இருவருக்கும் டீ கொடுத்து, சிரித்து, வாசல்வரை வந்து வழியனுப்பினாள். கதவைச் சாத்தியதும் அவள் முகம் மாறிப்போனது. பச்சை மல்லியும் பட்டனும் இருக்கட்டும். அந்தக் கதாநாயகியை என்ன செய்வது?

கதாநாயகிக்குக் கைகளே கிடையாது. குளிர்பெட்டிமேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பாள். கீரை தானே நறுக்கிக்கொள்ளும், கரண்டி தானாகத் துழாவும். அவளுக்கு ஒரே ஒரு வேலை, ஷஹ்கா போடுவது. நெய்யில் சிவந்த பூண்டையும் மல்லியையும் முலூகியாவில் கொட்டும் நொடியில், பேயைக் கண்டவள்போல ‘ஹாஆ!’ என்று மூச்சை உள்ளே இழுக்க வேண்டும், அதுதான் ஷஹ்கா. அது இல்லையென்றால் கீரை அடியில் விழுந்துவிடும், மேலே வெறும் தண்ணீர் நிற்கும். ஏன் என்று கேட்கிற ஆள் மன்சூராவில் இன்னும் பிறக்கவில்லை.

இன்ஸாஃப் கல்யாணமாகி வந்த புதிதில் அவளுக்கு முட்டை அவிக்கக்கூட வராது. ஷவ்கிக்கு ராணுவத்தில் இருந்தபோது சமையல்கட்டில் வேலை, அதனால் கை பழகியிருந்தது. ஆனால் வாத்தியார் கரண்டி பிடிக்கிறார் என்று தெரிந்தால் பையன்கள் கரும்பலகையில் படம் வரைந்துவிடுவார்களே. அதனால் இருவரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். சமைப்பது அவன். ஜன்னலோரம் நின்று ஷஹ்கா போடுவது அவள். எல்லா வீட்டு அடுப்படி ஜன்னலும் கட்டடத்தின் நடுவிலிருக்கும் காற்றுக்குழியைப் பார்த்துத்தான் திறக்கும். வெள்ளிக்கிழமை என்றால் எல்லா வீட்டிலும் முலூகியாதான். அவள் மூச்சு ஆறு வீட்டுக்கும் கேட்கும். இருபத்திரண்டு வருஷமாக இன்ஸாஃபின் கைமணம் என்று பேரும் புகழும் அப்படித்தான் வந்தது.

இப்போது யாராவது கொஞ்சம் மூளையைக் கசக்கினால் போதும், மானம் போய்விடும். அந்தப் பயம் ஒரு பக்கம். கடைசி அத்தியாயம் இன்னொரு பக்கம். அதில் கையில்லாதவள் ஆவியாகி ஜன்னல் வழியே போய்விடுகிறாள். ஊர் பாட்டுக்கு ரொட்டியைத் தொட்டுத் தின்கிறது, ஒருத்தரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அதை இன்ஸாஃப் மூன்று முறை படித்தாள். ஊர் என்ன வேண்டுமானாலும் நினைக்கட்டும், கட்டினவன் கண்ணுக்கே நான் இவ்வளவுதானா?

"ஷவ்கி, அந்தக் கையில்லாதவ யாரு?"

"அது ஒரு குறியீடு."

"எதுக்குக் குறியீடு?"

"அதை வாசகர்தான் கண்டுபிடிக்கணும்."

"வாசகர் கண்டுபிடிச்சாச்சு. வாசகருக்குப் பத்திக்கிட்டு வருது."

ஷவ்கி கண்ணாடியைத் துடைத்தான். பதில் தெரியாதபோது வகுப்பிலும் அவன் அதைத்தான் செய்வான்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து அவன் அடுப்பை மூட்டினான். இன்ஸாஃப் முக்காலியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் சால்வைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

"பூண்டு உரிச்சுக் குடேன்."

"எனக்கேது கை?"

அவனே உரித்தான், அவனே இடித்தான், முயல் வெந்த சாற்றில் கீரையை அவனே கலக்கினான். நெய் காய்ந்து பூண்டு பொன்னிறமானது. சட்டியைத் தூக்கிக்கொண்டு அவளைப் பார்த்தான். அவள் கூரையைப் பார்த்தாள்.

"இன்ஸாஃப்! கருகுதடி!" என்று கிசுகிசுத்தான்.

"அவதான் ஆவியாப் போயிட்டாளே. போனவளைக் கூப்பிட்டுக் கேளு."

பூண்டு சிவந்தது, ஓரம் கறுக்கத் தொடங்கியது. காற்றுக்குழியில் ஒரு பாத்திரச் சத்தம்கூட இல்லை. ஷவ்கி சட்டியைக் கவிழ்த்துக்கொண்டே, வேறு வழியில்லாமல், தானே மூச்சை இழுத்தான். அடைத்துக்கொண்ட சாக்கடையில் குச்சியை விட்டு எடுத்தாற்போல ஒரு சத்தம் கட்டடமெங்கும் எழுந்தது.

மேல்ஜன்னல் படாரென்று திறந்தது. "இன்ஸாஃப்! என்னடி, தொண்டை கட்டிக்கிச்சா?"

"அது இன்ஸாஃப் இல்ல," என்றது கீழிருந்து ஸக்லூலின் குரல். "அது நம்ம வாத்தியாரு உஸ்தாத்! டிக்கெட் இல்லாம ஏறிட்டாரு!"

இன்ஸாஃப் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டாள். முடிந்தது, இருபத்திரண்டு வருஷமும் இதோடு போயிற்று.

"உஸ்தாத்!" என்று வக்தி அம்மா கத்தினாள். "கரண்டி உங்க கையிலதான் இருக்குன்னு எங்களுக்கு என்னைக்கோ தெரியும். கீரை நறுக்கும்போது நீங்க பாடுற கர்ணகடூரம் எங்க காதுல விழாதா? அது உங்க வீட்டு விஷயம், நாங்க வாயைத் திறந்தோமா? ஆனா ஷஹ்காவுல எதுக்கு வாய வச்சீங்க? இத்தனை வருஷமா அவ மூச்சைக் கேட்டுத்தான் என் பானையில பூண்டைக் கொட்டுறேன். இன்னைக்கு உங்க சத்தத்துக்குக் கொட்டித் தொலைச்சேன். கீரை மொத்தமும் அடியில!"

"எங்க வீட்டுலயும் விழுந்துடுச்சு!" என்றது எதிர் ஜன்னல்.

"எங்களுதும் போச்சு, விருந்தாளி வேற வந்திருக்காங்க!" என்றது அதற்கும் மேல் ஜன்னல்.

ஸக்லூல் தொண்டையைச் செருமினார். பெண்டாட்டி போனபின் அவர் தனியாகத்தான் சமைக்கிறார். "நானும் அந்த மூச்சுக்குத்தான் காத்திருப்பேன்மா," என்றார் மெதுவாக. "எனக்கு வேற யாரு இருக்கா போடுறதுக்கு?"

வெட்கமா சந்தோஷமா என்று இன்ஸாஃபுக்கே தெரியவில்லை. பிறகு சால்வையை உதறிவிட்டு ஜன்னலுக்குப் போனாள்.

"எல்லாரும் பானையைத் திரும்ப அடுப்புல ஏத்துங்க. புதுசாப் பூண்டு உரிங்க. வக்தி அம்மா, அவசரப்பட்டு முன்னாடியே கொட்டிடாதீங்க. ஸக்லூல் மாமா, நெய் இல்லன்னா வந்து வாங்கிட்டுப் போங்க." திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்: "ஷவ்கி, நீயும் உரி."

ஷவ்கி உட்கார்ந்து பூண்டு உரித்தான். நாலு பல் உரித்ததும், "இரண்டாம் பதிப்புல அவளுக்குக் கை வச்சிடுறேன்," என்றான்.

"வேணாம். அவ அப்படியே இருக்கட்டும். கதையில ஊர்ல மத்தவங்க எல்லாருக்கும் ஷஹ்கா மூச்சை எடுத்துடு."

ஆறு வீட்டிலும் நெய் காய்ந்தது. இன்ஸாஃப் ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டு, அவசரமே இல்லாமல், அவர்களை நன்றாகக் காக்கவைத்தாள்.