யாரையும் இடிக்கவில்லையே?

என் கணவர் இருபத்தாறு வருடம் டவுன் பஸ் ஓட்டினார். ஒரு கோழியைக்கூட இடித்ததில்லை. ஆனால் நாற்பத்து மூன்றாவது வயதில், யாரையோ இடித்துவிட்டு வந்துவிட்டோம் என்ற சந்தேகம் அவரைப் பிடித்துக்கொண்டது. அவர் போய் இரண்டு வருடமாகிறது. அந்த நாட்களை நினைத்தால் எனக்கு அழுகைக்கு முன்னால் சிரிப்புதான் வருகிறது.

டியூட்டி முடிந்ததும் பஸ்ஸை டெப்போவில் விட்டுவிட்டு, ஓட்டிய வழியெல்லாம் நடந்து போவார். சாலையோரம், சாக்கடை, புதர் என்று குனிந்து குனிந்து பார்ப்பார். வீட்டுக்கு வந்ததும் என்னிடம் கேட்பார்: "யாரையும் இடிக்கலையே?" பஸ் பக்கமே போகாத நான், "சத்தியமா இல்லைங்க" என்பேன். ஐந்து நிமிடம் நிம்மதி. பிறகு அதே கேள்வி.

அப்புறம் பயணிகளோடு பஸ்ஸை நடுவழியில் நிறுத்தி, இறங்கிச் சக்கரத்துக்கு அடியில் பார்க்க ஆரம்பித்தார். புகார் போனது. டெப்போ மேலாளர் கூப்பிட்டு, "ரெண்டு மாசம் டைம். அப்புறம் ஒரு நாள் இன்ஸ்பெக்டர் உன்கூட பஸ்ல வருவார். நடுவுல நிறுத்தினா, ஸ்டீயரிங்கை மறந்துட்டு டயர் கிடங்குல போய் உக்காரு" என்றுவிட்டார்.

ஆஸ்பத்திரியில் ஓர் உளவியலாளர் அம்மாவைப் பார்த்தோம்.

"சின்ன வயசுல எதையாவது பாத்துப் பயந்திருப்பாரோ?" என்று கேட்டேன்.

"இருக்கலாம்மா. தீ எப்படிப் பிடிச்சதுன்னு அப்புறம் பாப்போம். தினமும் அதுல எண்ணெய் ஊத்துறது யாரு?" என்று என்னையே பார்த்தார்.

திரும்பிப் போய்ப் பார்த்தாலும் சரி, என் பதிலைக் கேட்டாலும் சரி, பயம் சட்டென்று அடங்குகிறதாம்; அந்த ருசிக்குத்தான் மறுபடி வருகிறதாம். இனி எல்லா டிரைவரையும்போலக் கண்ணாடியில் ஒரு பார்வை, அவ்வளவுதான். பயம் ஏறினால் ஏறட்டும், தானே இறங்கும். அதுவரை பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, பத்துக்கு எவ்வளவு என்று அவர் தன் பயத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தில் மார்க் போட வேண்டும். அவர் கேட்டால் நான் "தெரியாதுங்க" என்று மட்டும் சொல்ல வேண்டும்.

முதல் நாள் அப்படியே சொன்னேன்.

"தெரியாதா? நீ பொண்டாட்டியா, போலீசா?" என்றார். மார்க் ஒன்பது. அவர் தவித்த தவிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

அடுத்த வாரமே திருட்டு வேலையில் இறங்கினேன். என் தம்பியை ஸ்கூட்டரில் பஸ்ஸுக்குப் பின்னால் போகச் சொன்னேன். "அக்கா, ரோடு சுத்தம்" என்று அவன் போன் செய்ததும், அதே "தெரியாதுங்க"வைச் சிரித்த முகத்தோடு சொல்வேன். என் முகத்தைப் படித்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிடுவார். மார்க் மூன்று, இரண்டு. எனக்கு ஒரே பெருமை.

ஏழாம் நாள் போன் வரவில்லை. என் முகம் தொங்கிப்போனது.

"யாரையோ இடிச்சிருக்கேன், உன் மூஞ்சியே சொல்லுது!" என்று செருப்பை மாட்டிக்கொண்டு பாய்ந்தார். வாசலில் தம்பி ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"மாமா, பஞ்சர். இன்னைக்கு உங்க பின்னாடி வர முடியல."

அவர் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஆறு நாளா கண்ணாடியில தெரிஞ்ச ஹெல்மெட் நீதானா? அந்த ஆளை இடிச்சிடுவேனோன்னு செத்துப் பொழைச்சேன்டா!"

இதைக் கேட்டு உளவியலாளர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். என் பதற்றத்துக்கு மார்க் போடச் சொல்லி எனக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்துவிட்டார். அன்றிலிருந்து தினமும் ராத்திரி இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து மார்க் போட்டோம்.

"உனக்கு எவ்வளவு?"

"எட்டு."

"எனக்கு ஏழுதான். நீ தேற மாட்ட."

இன்ஸ்பெக்டர் ஏறிய நாளில் நடந்ததைக் கண்டக்டர்தான் சொன்னார். பாலத்துத் திருப்பத்தில் பின்னால் டமாலென்று ஒரு சத்தம். பயணிகள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்களாம். இவர் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்தார். பார்வையைச் சாலைக்குத் திருப்பினார். கழுத்தெல்லாம் வியர்வை. பதறியது இன்ஸ்பெக்டர்தான்.

"என்னய்யா அது? நிறுத்திப் பாக்கலாமா?"

"பாத்தாச்சு சார். வேணும்னா உங்க பயத்துக்கு ஒரு மார்க் போடுங்க."

கடைசி சீட்டிலிருந்து ஒரு அம்மா கத்தினாள்: "என் தகர டப்பாதான் விழுந்துச்சு. நீ ஓட்டுப்பா!"

பஸ் சரியான நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டார். அதுவரை நடையைக் குறைத்திருந்தாரே தவிர முழுசாக விட்டதில்லை; அன்று இவர் நடக்கப் போகாமல் ஆறு மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டார். வெளிச்சம் இருக்கும்போதே வந்து நிற்கும் புருஷனை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குப் புரியவில்லை. இருவரும் மொட்டைமாடிக்குப் போய்க் கொடியில் காய்ந்த துணிகளை எடுத்து மடித்தோம். அவருக்கு மடிக்கவே வரவில்லை.